கிளை வாய்க்காலைச் சங்கத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம்: கையெழுத்திடும் முன் எதைக் கேட்க வேண்டும்?

மதகடி:

அனைவருக்கும் வணக்கம். பாசன விவசாயிகள் சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். ஒரு கிளை வாய்க்காலும் அதிலிருந்து பிரியும் 14 மடைகளும் எங்கள் எல்லைக்குள் வருகின்றன. இவற்றின் பராமரிப்பு, நீர்ப் பங்கீடு, தண்ணீர்த் தீர்வை வசூல் ஆகிய மூன்றையும் இனிச் சங்கமே ஏற்று நடத்த வேண்டும் என்று கோரி, அரசின் பாசனத் துறையிலிருந்து ஓர் ஒப்பந்த வரைவு வந்திருக்கிறது. மொத்தம் 11 பக்கங்கள். சங்கம் செய்ய வேண்டியவை மட்டும் எட்டரைப் பக்கங்களுக்கு நீள்கின்றன. துறை செய்ய வேண்டியவை ஒரே பத்தியில் முடிந்துவிடுகின்றன. அந்தப் பத்தியிலும் "நீர் இருப்பைப் பொறுத்து", "இயன்றவரை" என்ற சொற்கள் மாறி மாறி வருகின்றன.

உறுப்பினர்களில் பாதிப்பேர், அரசு கைகழுவப் பார்க்கிறது, கையெழுத்திடக் கூடாது என்கிறார்கள். மறுபாதியினர், மதகுச் சாவி நம் கைக்கு வந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் முழு உடன்பாடு இல்லை. இத்தகைய ஒப்படைப்பை நேரில் கண்டவர்களும் பிற நாடுகளின் அனுபவத்தைப் படித்தவர்களும், ஒப்பந்தத்தில் எதை மாற்றக் கேட்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய மராமத்து:

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். நான் 31 ஆண்டுகள் வாய்க்கால்களோடு பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன். ஒப்படைக்கும் தரப்பில் உட்கார்ந்து இத்தகைய வரைவுகளை எழுதியவர்களுள் நானும் ஒருவன் என்பதால், அந்த "இயன்றவரை" எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

விவசாயிகள் வாய்க்காலை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையால் மட்டும் அரசுகள் இதற்கு வந்துவிடவில்லை; பெரும்பாலான நாடுகளில் முதல் உந்துதல் கஜானாவிலிருந்துதான் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசியப் பாசன நிர்வாகம், 1970களில் தன் இயக்கச் செலவைத் தீர்வை வசூலிலிருந்தே ஈட்டிக்கொள்ள வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட பிறகுதான், 1976இல் விவசாயிகளைத் திட்டமிடும் கட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளும் முன்னோடி முயற்சியைத் தொடங்கியது. மெக்சிகோ 1980களின் கடன் நெருக்கடியில் சிக்கித் தவித்தபின், 1989இல் தேசிய நீர் ஆணையத்தை நிறுவி, 1992இல் புதிய நீர்ச் சட்டத்தை இயற்றி, அரசுப் பாசன மாவட்டங்களின் ஏறத்தாழ 33 லட்சம் ஹெக்டேரில் பெரும்பகுதியை 1990களின் நடுப்பகுதிக்குள் விவசாயிகள் சங்கங்களுக்கு மாற்றிவிட்டது. துருக்கியிலும் 1993இல் வேகம் பிடித்த ஒப்படைப்புக்குப் பின்னால், ஏறிக்கொண்டே போன ஊழியர் சம்பளச் செலவு இருந்தது. 1994இல் சீனாவின் ஊகான் நகரில் இதற்கென்றே ஒரு பன்னாட்டு மாநாடு கூடிய நேரத்தில், இது உலகம் முழுவதும் ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டிருந்தது.

இந்த வரலாற்றைச் சொல்வது குறை கூறுவதற்காக அன்று. செலவைக் குறைக்க விரும்பும் ஒருவர் ஒப்பந்தம் எழுதும்போது, செலவு தரும் பொறுப்புகளை விரிவாகவும், தம்மைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதிகளைச் சுருக்கமாகவும் எழுதுவது இயல்பு. தங்களுடைய எட்டரைப் பக்கத்துக்கும் ஒரு பத்திக்கும் காரணம் அதுவே. ஆகவே என் முதல் கேள்வி: தங்கள் கிளை வாய்க்கால் பிரியும் தலைமதகில் நீரளவைக் கருவி ஏதேனும் இருக்கிறதா? இருந்தால், அது வேலை செய்கிறதா?

மதகடி:

பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. தலைமதகைத் தாண்டி ஏறத்தாழ 20 மீட்டர் தள்ளி, வாய்க்காலுக்குக் குறுக்கே கான்கிரீட்டில் ஒரு மேடான தடுப்பு இருக்கிறது. நீர் வரும் பக்கத்தில், அதற்குச் சற்று முன்னால், பக்கச் சுவரில் அளவுகோல் ஒன்று பதித்திருக்கிறார்கள். ஆனால் சுவருக்கு வண்ணம் அடித்தபோது அளவுகோலின் கீழ்ப்பாதியையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். 40க்கு மேலுள்ள எண்கள் தெரிகின்றன, கீழுள்ளவை தெரியவில்லை.

கடைமடைக்காரர்:

செயலாளர் அவர்கள் வாய்க்காலின் எந்தப் பகுதியில் பயிர் செய்கிறார் என்று தெரியவில்லை. நான் கடைமடையில் பயிர் செய்பவன். எங்கள் வாய்க்கால் சங்கத்தின் கைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

துறையிடம் வாய்க்கால் இருந்தபோது, தண்ணீர் வராவிட்டால் மனு எழுத ஓர் இடம் இருந்தது. பதில் வந்ததா என்பது வேறு. ஆனால் மனுவைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி என் உறவினரும் அல்லர், என் வயலுக்கு மேல்மடைக்காரரும் அல்லர். இப்போது நான் முறையிட வேண்டிய நிர்வாகக் குழுவில் ஏழு பேர். அவர்களில் ஐந்து பேருடைய வயல் தலைமடையில் இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர் குறைந்த ஆண்டில், தம் வயல் நனைந்த பிறகே மற்றவர் வயல் நினைவுக்கு வரும் என்பது மனித இயல்பு. நான்காம் ஆண்டில் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் எனக்கு வர வேண்டிய இரண்டு முறைத் தண்ணீர் வரவில்லை. குழுவிடம் கேட்டபோது, துறை தலைமதகில் குறைத்துவிட்டது என்றார்கள். துறையிடம் கேட்டபோது, முழு அளவும் திறந்திருக்கிறோம், பங்கீடு சங்கத்தின் வேலை என்றார்கள். இரண்டு பேர் சொன்னதையும் சரிபார்க்க என்னிடம் எதுவும் இல்லை. மொத்தத்தில் நான் இழந்தது ஒரு போகம். அதைவிட, குறை சொல்ல ஒரு முகவரி.

ஆகவே, அரசிடமிருந்து விவசாயிகளுக்கு மாற்றுவது என்று நீங்கள் எல்லோரும் எழுதும்போது, எந்த விவசாயிகளுக்கு என்று கேட்க விரும்புகிறேன்.

வயல்வழி ஆய்வாளர்:

கடைமடைக்காரர் அவர்களின் கேள்வியே இந்தப் பொருளில் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன். பழைய பாசனச் சமூகங்கள் சில இதற்கு விடை கண்டிருக்கின்றன. அந்த விடை அறிவுரையாக இல்லாமல் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியில் சான்ஹேரா எனப்படும் பாசனச் சங்கங்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் உறுப்பினரின் பங்கு ஒரே துண்டு நிலமாக இராது. தலைமடையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைமடையில் ஒன்று என்று ஒருவருடைய பங்கே பிரிந்து கிடக்கும். நீர் கடைமடைக்குப் போகாவிட்டால் தலைமடைக்காரருக்கும் இழப்பு. ஏனெனில் அவரே கடைமடைக்காரரும் ஆவார். இதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்றும் அங்கே இருக்கிறது. வாய்க்காலின் கடைசியில் உள்ள சில நிலத் துண்டுகளைச் சங்க நிர்வாகிகளுக்கு ஊதியமாக ஒதுக்கிவிடுகிறார்கள். தலைவருக்குக் கூலி வேண்டுமென்றால், நீர் கடைசி வரை போய்ச் சேர வேண்டும். பொதுவளங்களைப் பற்றி ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், இந்த ஏற்பாட்டை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார்.

செயலாளர் அவர்கள் நிலங்களை மறுபங்கீடு செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நிர்வாகக் குழுவில் கடைமடைக்குப் பாதி இடம் என்றும், தலைவர் அல்லது செயலாளரில் ஒருவர் கட்டாயம் வாய்க்காலின் கடைசி மூன்றிலொரு பங்கில் பயிர் செய்பவராக இருக்க வேண்டும் என்றும் துணைவிதி எழுதலாம். இதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத வேண்டும். வாய்க்கால் கைக்கு வந்த பிறகு இதற்கு வாக்களிக்கத் தலைமடைக்காரர்களுக்குக் காரணம் எதுவும் இராது.

மதகடி:

கடைமடைக்காரர் அவர்களே, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: என் வயல் தலைமடையில், மூன்றாம் மடையில் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒன்பது பேர். 10ஆம் மடைக்குக் கீழே பயிர் செய்பவர் ஒருவர் மட்டுமே. இதுவரை நான் இதை எண்ணிப் பார்த்ததில்லை.

பழைய மராமத்து:

அளவுகோலுக்கு வருகிறேன். கடைமடைக்காரர் அவர்களின் துன்பத்துக்கும் அந்த வண்ணம் அடித்த அளவுகோலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அவருக்கு ஏற்பட்டதை நான் பலமுறை மேசைக்கு மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். துறையும் சங்கமும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுவதற்கு நடுவே உள்ள இடம், ஒப்படைப்புப் புள்ளியில் அளவு இல்லாத இடம்தான்.

தாங்கள் சொல்லும் கான்கிரீட் மேடு, அகன்ற முகடு கொண்ட ஓர் அளவைத் தடுப்பாக இருக்க வேண்டும். அதன்மேல் பாயும் நீரின் அளவு, முகட்டுக்கு மேலுள்ள நீர் உயரத்தோடு நேர் விகிதத்தில் மாறுவதில்லை. உயரத்தின் ஒன்றரை அடுக்கோடு மாறுகிறது. உயரம் 60 சென்டிமீட்டரிலிருந்து 50க்கு இறங்கினால், பத்துதானே குறைந்தது என்று தோன்றும். உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஆனால் பாயும் நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. இதைத் துறையின் மதகுப் பணியாளருக்குத் தெரியாமல் இராது. சங்கத்தின் ஆட்களுக்குத் தெரியாவிட்டால், "பத்து சென்டிமீட்டர்தான் குறைத்தோம்" என்ற ஒரு வாக்கியத்தில் வாக்குவாதம் முடிந்துவிடும்.

ஆகவே ஒப்பந்தத்தில் "இயன்றவரை" என்ற சொல்லை அடித்துவிட்டு, மூன்று செய்திகளைக் கேளுங்கள். அணையின் இருப்பு இந்த அளவில் இருந்தால், இந்த வாரத்தில், இந்த அளவுகோலில் இத்தனை சென்டிமீட்டர் என்று ஓர் அட்டவணை ஒப்பந்தத்தின் இணைப்பாக வர வேண்டும். வறட்சி ஆண்டில் முழு அளவு தர எவராலும் இயலாது. அதை எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. ஆனால் அணையில் இருப்பதில் தங்கள் வாய்க்காலுக்கு என்ன விகிதம் என்பதை எழுதித் தர முடியும். மெக்சிகோவில் சங்கங்களுக்குத் தரப்பட்ட நீர் உரிமையும் இத்தகைய விகிதப் பங்குதான், நிலையான கன அளவு அன்று. இரண்டாவதாக, அளவுகோலை நாள்தோறும் குறித்த நேரத்தில் இரு தரப்பு ஆட்களும் சேர்ந்து படித்து, ஒரே பேரேட்டில் இருவரும் கையொப்பமிட வேண்டும். மூன்றாவதாக, குறித்த அளவுக்குக் கீழே நீர் வந்த நாள்களுக்கு, சங்கம் துறைக்குச் செலுத்த வேண்டிய மொத்தத் தீர்வையில் கழிவு தர வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் துறையில் முகம் சுளிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சுளித்தேன். ஆனால் எங்கே பணம் குறைகிறதோ அங்கேதான் கவனம் வருகிறது.

முறைத்தண்ணீர்:

நான் வாய்க்காலில் தண்ணீர் பங்கிட்டு விடும் வேலை செய்பவன். நீர்க்கட்டி என்றும் சொல்வார்கள். பொறியாளர் ஐயா பகலில் படிக்கும் அளவைப் பற்றிச் சொல்கிறார். தண்ணீர் குறைவது இரவு 11 மணிக்கு மேல். மடைப் பலகைக்கு அடியில் ஒரு கைப்பிடி வைக்கோலையும் ஒரு கல்லையும் செருகினால், பலகை மூடியிருப்பது போலவே தெரியும். கீழே முழங்கை உயரத்துக்குத் தண்ணீர் ஓடும். விடிவதற்குள் எடுத்துவிட்டால் சேற்றில் கால் தடம் மட்டும்தான் மிஞ்சும். இதைப் பிடிப்பவன் நான்தான். பிடித்தால் என்ன செய்வது என்பதை உங்கள் ஒப்பந்தம் சொல்கிறதா? துறை ஆளாக இருந்தபோது, அரசு வேலைக்காரன் மேல் கை வைக்க எவருக்கும் தயக்கம் இருந்தது. சங்கத்தின் ஆளாக ஆனபின், எனக்குச் சம்பளம் தருபவரே பலகையைத் தூக்குகிறார்.

பேரேடு:

மேலே உள்ள பதிவைச் செயலாளர் அவர்கள் அச்சிட்டுப் பொதுக்குழுவில் படித்துக்காட்ட வேண்டும். தண்டனை அதிகாரம் இல்லாத பங்கீட்டுப் பொறுப்பு, சம்பளம் இல்லாத வேலை போன்றது.

ஸ்பெயினின் வலென்சியா நகரில் வாய்க்கால் விவசாயிகளின் நீர் நடுவர் மன்றம் ஒன்று, பல நூற்றாண்டுகளாக வியாழக்கிழமைதோறும் பேராலய வாசலில் கூடி, வழக்கறிஞர்களும் எழுத்து மனுக்களும் இல்லாமல் வாய்மொழியாகவே தீர்ப்புச் சொல்லி வருகிறது. நடுவர்கள் வாய்க்கால்காரர்களே தேர்ந்தெடுக்கும் விவசாயிகள். அந்தத் தீர்ப்பை நாட்டின் சட்டம் ஏற்றுக்கொள்கிறது என்பதால்தான் அதற்கு மதிப்பு. பலகையைத் தூக்கியவருக்கு அபராதம் விதிக்கவும், கட்டாவிட்டால் அடுத்த முறைத் தண்ணீரை நிறுத்தவும் சங்கத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு என்ற வரியை ஒப்பந்தத்தில் கேளுங்கள். துணைவிதியில் இருந்தால் மட்டும் போதாது. சட்டத்தின் பின்புலம் இல்லாத துணைவிதியை முதல் வழக்கிலேயே தள்ளிவிடுவார்கள்.

நான் சில சங்கங்களுக்குக் கணக்கு எழுதுபவன் என்பதால் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்படைத்த முதல் ஆண்டில் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். துறை ஒப்படைக்கும் முன் கரையைச் செப்பனிட்டு, ஷட்டருக்கு மசகு போட்டுத் தருவார்கள். சங்கம் தீர்வையைக் குறைவாக வைத்து நல்ல பெயர் எடுக்கும். வசூலாகும் பணம் நீர்க்கட்டிகளின் கூலிக்கும் அலுவலகச் செலவுக்கும் தூர் வாருவதற்கும் சரியாகப் போய்விடும். ஷட்டரின் திருகுத் தண்டு தேய்வதையும், கரையின் உள்பக்கக் கல் ஒவ்வொன்றாகச் சரிவதையும் எந்தப் பேரேடும் காட்டாது. ஏழெட்டு ஆண்டுகளில் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். அப்போது சங்கத்திடம் பணம் இராது. அரசு மீண்டும் ஒரு புனரமைப்புத் திட்டத்தோடு வரும். புனரமைத்ததை மீண்டும் ஒப்படைக்கும். கட்டுவது, கவனிக்காமல் விடுவது, மறுபடி கட்டுவது என்ற இந்தச் சுழலை உடைப்பதற்காகவே ஒப்படைப்பு வந்தது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

நான் கணக்கு எழுதும் சங்கங்களில் ஒன்று மட்டுமே தேய்மானத்துக்கெனத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அதிலிருந்து பணம் எடுக்கப் பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்தச் சங்கத்தின் தீர்வைதான் சுற்றிலும் அதிகம். அதன் தலைவர்தான் ஒவ்வொரு தேர்தலிலும் மிகக் குறைந்த வாக்கில் தப்பிக்கிறார்.

இன்னொன்று: வெள்ளத்தில் கரை உடைந்தால் யார் செலவு? சிறு பராமரிப்பு சங்கத்துக்கு, பெரும் சேதம் துறைக்கு என்று வரைவில் இருந்தால், சிறியதற்கும் பெரியதற்கும் இடையிலுள்ள எல்லை எந்தத் தொகை என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால், உடைப்பு நடந்த இரவில் அந்த விவாதத்தை மணல் மூட்டைகளுக்கு நடுவே நடத்த வேண்டியிருக்கும்.

கடைமடைக்காரர்:

பேரேடு அவர்கள் சொன்ன தனிக் கணக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அரசுப் பணம் சங்கத்தின் வழியாக வரும்போது வேறொரு நோய் வருகிறது. பழுது பார்க்கும் ஒப்பந்தத்தை யார் எடுப்பது என்பதற்காகவே தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறார்கள். எங்கள் சங்கத்தில் தூர் வாரிய நீளத்தை நான் கயிறு பிடித்து அளந்தேன். பட்டியலில் இருந்ததில் பாதிகூட இல்லை.

வயல்வழி ஆய்வாளர்:

இது ஓர் ஊரின் நோய் மட்டும் அன்று. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 1997இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அதே ஆண்டில் 10,000க்கும் மேற்பட்ட நீர்ப் பயனாளர் சங்கங்களுக்குத் தேர்தல் நடத்தியது. உலகில் இவ்வளவு வேகமாக, இவ்வளவு பரந்த அளவில் வேறெங்கும் நடந்ததாகச் சொல்வது கடினம். தண்ணீர்த் தீர்வையை மூன்று மடங்காக உயர்த்தும் துணிச்சலும் அப்போது இருந்தது. வாய்க்கால் பணிகளுக்குப் பணம் வந்தது. பல இடங்களில் நெடுங்காலம் நீர் காணாத கடைமடைக்கு நீரும் போனது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே பணி ஒப்பந்தக்காரர்களாக மாறியதைப் பிற்கால ஆய்வுகள் பதிவு செய்தன. தேர்தல் ஒரே நாளில் நடத்திவிடக்கூடிய ஒன்று. ஒருவரையொருவர் கணக்குக் கேட்கும் பழக்கம் அப்படி வந்துவிடுவதில்லை.

இதற்கு நேர்மாறான முறையும் உண்டு. இலங்கையின் கல்லோயா இடதுகரைத் திட்டத்தில், 1981இல் சங்கத்துக்குப் பதிலாக ஆட்களை முதலில் அனுப்பினார்கள். பட்டதாரி இளைஞர்கள் அமைப்பாளர்களாகப் போய் விவசாயிகளிடையே தங்கி, வயல் வாய்க்கால் அளவில் பத்துப் பதினைந்து பேரோடு பேசி, முதலில் வேலை, பிறகு அமைப்பு என்ற வரிசையில் போனார்கள். அந்த ஆண்டு நீர்த்தேக்கம் மிகக் குறைவாகவே நிறைந்திருந்தது. அப்படியிருந்தும் ஆறே வாரங்களில் பெரும்பாலான விவசாயிகள் வாய்க்காலைச் சேர்ந்து துப்புரவு செய்வது, முறை வைத்துப் பாய்ச்சுவது, மிஞ்சிய நீரைக் கீழ்மடைக்கு விடுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்யத் தொடங்கிவிட்டதாக, அத்திட்டத்தோடு பணியாற்றிய கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் பதிவு செய்திருக்கிறார். தலைமடையில் சிங்களரும் கடைமடையில் தமிழரும் இருந்த வாய்க்கால் அது என்பதை நினைவில் கொண்டால் இதன் எடை புரியும்.

இன்னும் ஒரு செய்தி, இதுவரை எவரும் தொடவில்லை. உறுப்பினர் யார்? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரே உறுப்பினர் என்றுதான் வரைவுகள் எழுதப்படுகின்றன. அப்படியானால் குத்தகைக்காரரும், கணவர் வெளியூரில் இருக்கத் தாமே பயிர் செய்யும் பெண்களும் வெளியே நிற்கிறார்கள். இதில் எளிய அனுதாபம் போதாது. நேபாளத்தின் சத்தீஸ் மௌஜா என்ற விவசாயிகளே நடத்தும் பெரிய வாய்க்காலில் 1990களில் நடந்த ஓர் ஆய்வு, பெண்கள் கூட்டங்களுக்கு வராவிட்டாலும் வேறு வழிகளில் நீரைப் பெற்றுவிடுகிறார்கள் என்றும், அமைப்புக்கு வெளியே இருப்பதால் பராமரிப்புக்குத் தர வேண்டிய உழைப்பை முழுவதும் தராமல் தப்பிக்கவும் முடிகிறது என்றும் கண்டது. அதாவது பெண்களை வெளியே வைப்பதால் இழப்பு அவர்களுக்கு மட்டும் அன்று. ஆள் சேர்க்க முடியாத சங்கத்துக்கும்தான்.

மதகடி:

எங்கள் வாய்க்காலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வயல்களைக் குத்தகைக்காரர்கள்தான் நடத்துகிறார்கள். தூர் வாரும் நாளில் வருபவர்களும் அவர்களே. வாக்கு மட்டும் நிலத்துக்காரருக்கு. இதையும் குறித்துக்கொண்டேன்.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. இவ்வளவையும் கேட்டு, துறை எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டால்கூட, பத்து ஆண்டுகள் கழித்து அரசு மனம் மாறி வாய்க்காலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமா?

பேரேடு:

எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டிருக்கிறது. தைவானில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலிருந்தே வேர்விட்டிருந்த 17 பாசனச் சங்கங்களை, 2020 அக்டோபர் 1 அன்று அரசு தன் நிர்வாகத்துக்குள் இழுத்துக்கொண்டது. துருக்கியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களுக்குப் பதிலாக அரசே தலைவர்களை நியமிக்கும் வகையில் 2018இல் சட்டம் மாறியது. பிலிப்பைன்ஸில் அதே 2018இல் 8 ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடையோருக்குப் பாசனக் கட்டணமே இல்லை என்று சட்டம் வந்தது. வசூலின் ஒரு பங்கை நம்பி இயங்கிய சங்கங்கள், அரசு மானியத்தை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தன. விவசாயிக்கு அது நல்ல செய்தி என்பதை மறுக்கவில்லை. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கடைசிச் சொல் இருக்கும்.

பழைய மராமத்து:

இதில் பேரேடு அவர்களோடு சற்று மாறுபடுகிறேன். அரசு திரும்ப எடுத்த இடங்கள் எல்லாம் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை. சில சங்கங்கள் கடனில் மூழ்கியிருந்தன. சில அரசியல் கட்சிகளின் கிளை அலுவலகங்களாகவே மாறியிருந்தன. எதிர்த்திசையிலும் எடுத்துக்காட்டு உண்டு. கொலம்பியாவின் கோயெல்யோ, சல்தாஞ்யா வாய்க்கால்களில், அரசு ஒப்படைக்கவில்லை. விவசாயிகளே போய்க் கேட்டு 1976இல் நிர்வாகத்தை வாங்கினார்கள். கட்டுமானச் செலவில் பெரும்பகுதியைத் தாங்களே திருப்பிக் கட்டிவிட்டோம் என்பது அவர்களது வாதம். வாங்கிய பிறகும் ஊழியர் எண்ணிக்கையையும் வரவு செலவுத் திட்டத்தையும் அரசே மேற்பார்த்ததால், கூடுதல் ஆட்களை நீக்க அவர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. கேட்டு வாங்கியவர்களுக்கே அந்த நிலை என்றால், கேட்காமல் பெறுபவர்கள் எவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டும்?

செயலாளருக்கு என் யோசனை: ஒப்பந்தக் காலம் 20 ஆண்டுகள் என்றும், திரும்ப எடுப்பதானால் காரணத்தை எழுத்தில் தந்து, ஒரு போகம் முழுவதும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றும், தேய்மானக் கணக்கில் உள்ள பணம் எக்காரணத்தாலும் துறையின் பொதுக் கணக்கில் சேராது என்றும் எழுதுங்கள். மூன்றாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

மதகடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை பொதுக்குழு கூடியது. வரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், மறுக்கவில்லை. அளவுகோல் அட்டவணை, கூட்டுப் பேரேடு, தீர்வைக் கழிவு, அபராத அதிகாரம், பெரும் சேதத்தின் எல்லைத் தொகை, ஒப்பந்தக் காலம் ஆகியவற்றைக் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்பாக, குழுவின் ஒன்பது இடங்களில் நான்கை 10ஆம் மடைக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒதுக்கித் துணைவிதியைத் திருத்தினோம். கடைமடைக்காரர் அவர்களின் பதிவைப் பெயர் சொல்லாமல் படித்துக்காட்டினேன். பாதி இடம் வேண்டும் என்று கேட்டதற்கு உடன்பாடு வரவில்லை. குத்தகைக்காரர் வாக்குரிமை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அதில் நானே எதிர்பார்த்ததைவிடக் கடும் எதிர்ப்பு இருந்தது. நீர்க்கட்டியின் கூலியை அந்தந்த மடைக்காரர் தராமல், சங்கத்தின் பொதுக் கணக்கிலிருந்து தருவது என்பதும் நிறைவேறியது.

துறையின் உதவிப் பொறியாளர் அளவுகோலை மட்டும் உடனே சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் புதிய அளவுகோல் பதிக்க ஆள் வருகிறார்கள். நான் உடனிருந்து என்ன பார்க்க வேண்டும்?

கடைமடைக்காரர்:

ஒன்பதில் நான்கு. எங்களுக்கு அதுகூட இல்லை. பொறியாளர் ஐயா பதில் எழுதினால் நானும் படித்துக்கொள்கிறேன். எங்கள் தலைமதகிலும் ஒரு மேடு இருக்கிறது, அதன் பக்கத்தில் அளவுகோல் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் இருக்கின்றன.

பழைய மராமத்து:

இருவரும் இரண்டு செய்திகளைப் பாருங்கள்.

அளவுகோலின் பூஜ்யம், கான்கிரீட் முகட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும். வாய்க்காலின் தரை மட்டத்தில் அன்று. கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயின் ஒரு முனையை முகட்டின் மேலும், மறுமுனையைச் சுவரிலும் பிடித்து, குழாயில் நீர் அசையாமல் நின்றதும் சுவரில் ஆணியால் கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டில் பூஜ்யம் வர வேண்டும். பதிப்பவர் நான்கு சென்டிமீட்டர் கீழே இறக்கிவிட்டார் என்று வையுங்கள். முகட்டின் மேல் 30 சென்டிமீட்டர் நீர் ஓடும்போது அளவுகோல் 34 காட்டும். உண்மையில் வந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்ததாக, தாங்களே கையொப்பமிட்ட பேரேட்டில் ஏறிவிடும்.

அடுத்தது தங்கள் கையில் இருக்கிறது. தடுப்புக்குக் கீழே வண்டல் சேர்ந்து நீர் பின்னோக்கித் தேங்கினால், முகட்டுக்கு மேலே மட்டம் உயர்ந்து, குறைவாக ஓடும் நீரும் அதிகம் போலத் தெரியும். தடுப்பைத் தாண்டியதும் நீர் சரிந்து விழுந்து நுரைத்து ஓட வேண்டும். அமைதியாக வழிந்தால் அந்த அளவை நம்பாதீர்கள். தூர் வாரும் ஆண்டில் 14ஆம் மடையில் தொடங்குவதா தலைமதகில் தொடங்குவதா என்ற சண்டை எப்போதும் வரும். முதல் 100 மீட்டரை, அளவுகோல் பதிக்கும் நாளுக்கு முன்பாகவே வாரிவிடுங்கள்.